என்ன நடந்தது என்று கேட்டவளுக்கு

அன்புத் தோழி,

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் கிள்ளான் வீட்டுச் சமையலறையில், நாளை பிள்ளைகள் உருட்டி விளையாட மாவு கிண்டிக்கொண்டிருந்தேன். கோதுமை மாவு, உப்பு, கொஞ்சம் எண்ணெய், தண்ணீர். பச்சை நிறத்துக்குப் பண்டான் இலையை அரைத்துப் பிழிந்து ஊற்றினேன். சட்டி சூடேறியதும் அந்த வாசனை எழுந்தது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மகள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கேக்கா?" என்றாள். "இல்ல, பள்ளிக்கூடத்து மாவு" என்றேன். "இவ்ளோ வாசமா இருக்கு, ஆனா சாப்பிட முடியாதா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

கடையில் விற்கும் சாயப் புட்டிகளை நீ தொட்டதே இல்லை. "பிள்ளைங்க எப்படியும் வாயில வைக்கத்தான் போவுது. வைக்கிறது நல்லதா இருக்கட்டுமே" என்பாய். நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பண்டான் வாசனையை இதுவரை தவிர்த்துத்தான் வந்தேன். இன்று ஏனோ கை தானாக அந்த இலையைப் பறித்தது. மாவு ஆறுகிறது. அது ஆறும்வரை உன்னோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் அந்தப் பாலர் பள்ளிக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஷா ஆலமில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை இருக்கலாம் என்றுதான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். சேலைக் கடைக்கு மேல் மாடியில், குறுகலான படிக்கட்டு ஏறி வந்தால் நம் பள்ளி. ஜன்னலுக்கு எதிரே மோனோரயில் போகும். ஒவ்வொரு முறை போகும்போதும் பிள்ளைகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையசைப்பார்கள். முதல் நாள், நான் எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கூட்டம் முழுவதும் ஜன்னலுக்கு ஓடியது. நான் கத்திக் கூப்பிட்டேன். பக்கத்து வகுப்பிலிருந்து நீ வந்தாய். என் வயதுதான் உனக்கும். பார்த்தால் தெரியாது, முகத்தில் எப்போதும் ஒரு குறும்பு இருக்கும்.

"விடு லா. ரயில் போனா கை காட்டத்தான் செய்யணும். எழுத்து அங்கயேதான் இருக்கும், எங்கயும் ஓடிடாது" என்றாய். சொல்லிவிட்டு நீயும் ரயிலுக்குக் கை காட்டினாய்.

வங்கி வேலையை விட்டுவிட்டு நீ இங்கே வந்திருந்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "பேங்க்ல ஒரு நாள் முழுக்க உக்காந்திருப்பேன். என்னைப் பாத்து ஒருத்தரு முகமும் மலராது. இங்க கதவத் திறந்தா போதும், கூட்டமே ஓடி வந்து கால கட்டிக்குது" என்றாய். அன்று எனக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்ததெல்லாம் தொண்டைக் கட்டும் முதுகு வலியும்தான். நினைத்த நேரத்துக்குக் கழிவறைக்குப் போக முடியாது. பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஆறிப்போன மீகூன் சேமியாவை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். மாலை கொமுட்டர் ரயிலில் வீடு திரும்பும்போது காதுக்குள் "டீச்சர், டீச்சர்" என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்தக் களைப்புக்கு நடுவே ஒரு பிள்ளை வந்து மடியில் தலையைச் சாய்க்கும். அப்போது எல்லாம் சரியாகிவிடும். மறுபடி சரியில்லாமல் போகும். ஒரே நாளில் பலமுறை இப்படி.

அதைவிட வலித்தது வெளியே. உறவினர் கல்யாணத்தில், "இப்ப என்ன வேல பாக்குற?" என்பார்கள். "டீச்சர்." "ஓ, எந்த ஸ்கூல்?" "பாலர் பள்ளி." உடனே அந்த முகத்தில் ஒரு விளக்கு அணையும். "அப்ப பிள்ளைங்கள பாத்துக்கிற வேலையா?" என்பார்கள். உன் வீட்டிலும் அதே கதைதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். உன் அண்ணன்களில் ஒருவர் மருத்துவர், ஒருவர் கணக்காய்வாளர். விருந்தாளிகள் வந்தால் உன் அப்பா அவர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "இவ சும்மா ஒரு இடத்துக்குப் போய் வாறா" என்று உன்னை முடித்துவிடுவாராம். நம் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் குரலிலேயே அதை நடித்துக் காட்டினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நீ சிரிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் நடந்தது நினைவிருக்கிறதா?

நீ சுபாங் ஜெயாவில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தாய். உதவிக்கு இருந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் நான் ஒருத்தியே பார்க்க வேண்டியிருந்தது. காலையிலேயே தலைமையாசிரியையிடம் போய், "தனியா முடியாது டீச்சர்" என்று சொன்னேன். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டுப் பழகியிருந்தோம். "இன்னிக்கு மட்டும் சமாளிங்க" என்றார். மழையால் பிள்ளைகளை வெளியே விட முடியவில்லை. கூடம் முழுக்க இரைச்சல். உடையை ஈரமாக்கிக்கொண்ட ஒரு பிள்ளையைக் கழிவறையில் கழுவிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு ஓடிவந்தேன். மஞ்சள் வாளிக்காக நடந்த சண்டையில் கவின், தர்ஷினியின் கையைக் கடித்திருந்தான். பல் பதிந்திருந்தது. கழுவினேன், ஐஸ் வைத்தேன், இருவரையும் இரு பக்கமும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கவின்தான் அதிகமாக அழுதான். அவனுக்கு அப்போது பேச்சு சரியாக வராது. அழைத்துப் போக வந்த தர்ஷினியின் மாமாவிடம் நடந்ததைச் சொல்லித்தான் அனுப்பினேன்.

அன்று மாலை பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கையின் படம் வந்தது. போட்டது தர்ஷினியின் அம்மா. கீழே ஒரு வரி: "டீச்சர் போன் பாத்துக்கிட்டு இருந்தாங்களா?" அதற்குக் கீழே மற்றவர்களின் கோபம், கேள்விக்குறிகள், அழுகிற முகங்கள். நான் எல்லாவற்றையும் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் பெரிய டீச்சர் கூப்பிட்டார். "குரூப்புல ஒரு சாரி போட்டுடுங்க. அதோட முடிஞ்சிடும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். சமையலறைக்கு வந்து, கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். இந்த மாதத்தோடு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அப்போது நீ உள்ளே வந்தாய். ஆறுதலாக ஏதாவது சொல்வாய் என்று நினைத்தேன். நீ குழாயை மூடினாய்.

"என்ன நடந்துச்சி? மொதல்லேருந்து சொல்லு."

அப்போதுதான் உறைத்தது. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. படம் பார்த்தவர்கள், கோபப்பட்டவர்கள், மன்னிப்புக் கேட்கச் சொன்னவர் என எல்லோருக்கும் நடந்தது தெரிந்திருந்தது. நான் சொல்லச் சொல்ல, நீ நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லி முடித்ததும் என் ஈரக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பெரிய டீச்சர் அறைக்குள் போய்விட்டாய். கதவைக்கூடத் தட்டவில்லை.

"டீச்சர், இவகிட்ட என்ன நடந்துச்சின்னு கேட்டீங்களா?"

"தெரியும்மா. அந்தப் பையன் கடிச்சிட்டான், பேரண்ட்ஸ் கோவமா இருக்காங்க..."

"அது போட்டோவுல இருக்கறது. இவகிட்ட கேட்டீங்களா?"

பெரிய டீச்சர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். வெளியே மோனோரயில் போனது, பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "உக்காருங்க. சொல்லுங்க" என்றார். சொன்னேன். 'காலையிலேயே வந்து முடியாதுன்னு சொன்னேன்' என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சொன்னீங்க. நான்தான் சமாளிக்கச் சொன்னேன்" என்றார். குரல் தேய்ந்திருந்தது. "ஆள் வேணும் ஆள் வேணும்னு நானும் மேலிடத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். யாரும் காதுல வாங்க மாட்டேங்கிறாங்க."

"அப்ப நாங்களும் வந்து கேக்குறோம். ஆனா அந்த சாரிய இவ போடக்கூடாது" என்றாய்.

அவர் போடச் சொல்லவில்லை. நம் எதிரிலேயே தர்ஷினியின் அம்மாவுக்குப் போன் செய்து, நேரில் வரச் சொன்னார். அந்த அம்மா மருத்துவமனையில் தாதி. அடுத்த வாரம், இரவு வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சண்டைக்குத் தயாராகத்தான் படியேறி வந்தார். நீ வாசலிலேயே நின்று, "அக்கா, பேசுறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் எங்களோட வகுப்புல உக்காருங்க. அப்புறம் எவ்ளோ வேணும்னாலும் திட்டுங்க" என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் எதிரிலேயே பாடம் நடத்தச் சொல்கிறாயே என்று உன்மீது கோபமும் வந்தது.

அவர் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பாட்டு சொல்லிக் கொடுத்தபடியே ஒருவன் மூக்கைத் துடைத்தேன், மேசைமேல் ஏறியவளை இறக்கினேன், வாசலில் அழுதுகொண்டு நின்றவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். தர்ஷினி அம்மாவுக்குக் கை காட்டிவிட்டு, நேராகக் கவினிடம் போய் உட்கார்ந்தாள். தன் பிஸ்கட்டைப் பாதி உடைத்து அவன் வாயில் வைத்தாள். அவன் மஞ்சள் வாளியை அவள் பக்கம் தள்ளினான். பெரியவர்கள் நாம்தான் இன்னும் அந்தக் கடியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகள் சாப்பிட எழுந்தபோதுதான் அந்த அம்மா எழுந்தார். மகளைத் திரும்பிப் பார்த்தபடி என்னிடம் வந்தார். பிறகு சொன்னார்: "வார்டுல நோயாளிங்க சொந்தக்காரங்க எங்களக் கேக்குறது இதேதான் டீச்சர். போன் பாத்துக்கிட்டு இருந்தீங்களான்னு. அது எனக்கு எப்படி இருக்கும்னு தெரியும். தெரிஞ்சே உங்களக் கேட்டுட்டேன்." அன்று குழுவில் அவரே எழுதினார். என்ன எழுதினார் என்பதைவிட, அவர் வந்து உட்கார்ந்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அன்று மாலை கே.எல். சென்ட்ரலுக்கு நடக்கும்போது, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று நீ சொன்னாய்: "பிள்ளைங்களால இந்த வேலைய விட்டுப் போனவங்க யாரையும் நான் பாத்ததில்ல. பெரியவங்களாலதான் போறாங்க. அப்படின்னா, போகாம இருக்க வைக்கிறதும் பெரியவங்களாலதான் முடியும்." நான் போவதாக இருந்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. உனக்கு எப்படித் தெரிந்ததோ.

அதற்குப் பிறகு எல்லாம் பொன்னாக மாறிவிடவில்லை. உதவிக்கு ஆள் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் பெரிய டீச்சர் மாறினார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் போனதும் எல்லோரையும் உட்காரவைத்து, தே தாரிக் தேநீர் வாங்கி வைத்து, அந்த வாரம் யாருக்கு என்ன நடந்தது என்று கேட்க ஆரம்பித்தார். அழுதோம், சண்டை போட்டோம், பெரும்பாலும் சிரித்தோம். அதே தொண்டைக் கட்டுதான், அதே முதுகு வலிதான். ஆனால் காலையில் கொமுட்டரில் ஏறும்போது நெஞ்சில் இருந்த கல் இல்லை. வேறு வேலை தேடுவதை நான் எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. தேட மறந்துவிட்டேன்.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் முடிந்த நாட்களில் வந்தாய். தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தபோது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று நாங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். நீ நேராக அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, "டீச்சருக்கு உடம்பு சரியில்ல. மருந்து சாப்பிட்டதுல முடி விழுந்துடுச்சி" என்று சொல்லிவிட்டாய். ஒரு சின்னவள் உன் கன்னத்தைத் தொட்டு, "எங்க அக்காவுக்கும் பல்லு விழுந்துச்சி டீச்சர். அப்புறம் பெருசா வந்துச்சி" என்றாள். கண்ணில் நீர் வரும்வரை நீ சிரித்தாய்.

மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நான் வாசலிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவேன். அப்படியும் கண்டுபிடித்துவிடுவாய். "மூஞ்சிய அப்படி வச்சிக்கிட்டு நிக்காத லா. பிள்ளைங்க கதைய சொல்லு." சொல்வேன். கவின் முழு வாக்கியம் பேசியதை, தர்ஷினி பொம்மைக்கு ஊசி போட்டதை, ஜன்னல் கண்ணாடியில் யாரோ நாக்கால் படம் வரைந்ததை. உன்னிடம் சொல்வதற்காகவே ஒவ்வொரு நாளையும் கூர்ந்து பார்க்கப் பழகினேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. சொல்லத்தான் நீ இல்லை.

உன் வீட்டில் காரியங்கள் நடந்த நாளில், பிரிக்பீல்ட்ஸின் அந்தப் பழைய வீடு கொள்ளாத கூட்டம். பழைய பிள்ளைகள், அவர்களின் பெற்றோர். தர்ஷினியின் அம்மா யாரும் சொல்லாமலே வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். உன் அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இவ்வளவு பேர் வந்திருக்கினம். அவ அங்க என்னதான் செய்தவ?"

பெரிய வார்த்தைகள் எதுவும் எனக்கு வரவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நீ காலையில் கதவைத் திறப்பதிலிருந்து சொன்னேன். அம்மாவின் கையை விடாத பிள்ளையிடம் நீ என்ன பேசுவாய், ரயிலுக்கு ஏன் கை காட்டச் சொல்வாய், என்னை எந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாய், எல்லாம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நீ கேட்பதைப் போலவே. கடைசியில், "இதையெல்லாம் அவளிட்டயே கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருந்தா நிறுத்தாம சொல்லியிருப்பா, அங்கிள்" என்றேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, உடைந்தது. சில மாதங்களுக்கு முன் உன் பெரிய அண்ணனைச் சந்தித்தேன். இப்போதெல்லாம் யாராவது அவருடைய பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால் அப்பா முதலில் உன்னைத்தான் சொல்கிறாராம். "என்ர மகள் பாலர் பள்ளி ஆசிரியை" என்று. 'இருந்தவ' என்று சொல்வதில்லையாம்.

பெரிய டீச்சர் ஓய்வுபெற்றுவிட்டார். அந்த அறையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே. வேண்டாம் என்றுதான் சொன்னேன், அவர் விடவில்லை. பவித்ரா என்று ஒரு புது டீச்சர் வந்திருக்கிறாள். இதற்கென்றே படித்தவள், ஆசைப்பட்டு வந்தவள். போன மாதம் ஒரு அப்பா கீழே படிக்கட்டு வாசலில் அவளிடம் கத்திக்கொண்டிருந்தார். "நாள் முழுக்கப் பாட்டும் ஆட்டமும்தானா? என் பையனுக்கு இன்னும் பேரு எழுதத் தெரியல. வீட்டுப்பாடம் ஒன்னும் இல்ல. என்னதான் செய்றீங்க இங்க?" சேலைக் கடைக்கு வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

நான் இறங்கி வந்தேன். மேலே போன் அடித்துக்கொண்டிருந்தது, செய்யாமல் கிடந்த வேலை மலையாக இருந்தது. 'சரி, மன்னிச்சிடுங்க, பாத்துக்கிறோம்' என்று சொல்லி அவரை அனுப்பிவைப்பது எவ்வளவு எளிது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. பெரிய டீச்சர்மீது மிச்சமிருந்த கொஞ்சக் கோபமும் அங்கேயே கரைந்துபோயிற்று. "வாங்க பாஸ், மேல உக்காந்து பேசலாம்" என்று அவரை அழைத்தேன். உட்கார்ந்ததும், பவித்ராவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

அவள் திடுக்கிட்டாள். பிறகு பேசினாள். நான் சொல்லியிருந்தால் அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பையனின் விரல்களுக்கு இன்னும் பலம் வர வேண்டும் என்பதை, அவன் ஒரு கதையைக் கேட்டுவிட்டு அதற்கு வேறு முடிவு சொன்னதை, அழும் பிள்ளைக்குத் தன் பொம்மையைக் கொண்டுபோய்க் கொடுத்ததை எல்லாம் சொன்னாள். அப்பாவின் தோள்கள் மெல்ல இறங்கின. மூத்த மகள் ஒன்றாம் ஆண்டில் பின்தங்கித் தினமும் அழுதாளாம். இவனும் அப்படி ஆகிவிடுவானோ என்ற பயமாம். முழுக்கச் சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். "சரி லா, பாப்போம்" என்று எழுந்தார். வாசலில் நின்று திரும்பி, "அவன் நெஜமாவே கதைக்கு முடிவு சொன்னானா?" என்று பவித்ராவைக் கேட்டார். இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள்.

நான் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது என்று முதலில் தோன்றியது. நீ இல்லை என்பது பிறகுதான் தோன்றியது. உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான் போலிருக்கிறது: யாருடைய நாளையும் அவர்கள் வாயாலேயே கேட்பது, கேட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பது. பெரிய கலை ஒன்றும் இல்லை. ஆனால் அது இருக்கும் இடத்தில் மனிதர்கள் தங்கிவிடுகிறார்கள். நான் தங்கிவிட்டேன்.

நாளை புதிதாக ஒரு பிள்ளை சேர்கிறாள். அம்பாங்கிலிருந்து வருகிறாள். அம்மாவை விட்டு ஒரு நிமிடமும் இருக்க மாட்டாளாம். கட்டாயம் அழுவாள் என்று அவள் அம்மா போனிலேயே கவலைப்பட்டார். "அழட்டும்மா, பரவால்ல. நாங்க எல்லாரும் இருக்கோம்" என்றேன். அப்படிச் சொல்லும்போது என் குரலில் இருந்த நிச்சயம் எனக்கே புதிதாக இருந்தது. சீக்கிரம் தூங்க வேண்டும். காலையில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

உன் தோழி